சைரன் அடிச்சா எந்தப் பக்கம் போகணும்?

இந்த வாரம் ஏ.ஐ. கிடையாது, புது போன் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான். ஒரு ஆலையில தீப்பிடிச்சாலோ, கெமிக்கல் கசிஞ்சாலோ, காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கிற ஆள் என்ன செய்யணும்? உள்ளே வேலை பாக்குறவங்களுக்கு ஹெல்மெட் இருக்கு, டிரெயினிங் இருக்கு, கூடி நிக்க ஒரு இடம் இருக்கு. வெளியே இருக்கிறவங்களுக்கு என்ன இருக்கு?

அரியலூர் பக்கம் எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. ரெட்டிபாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய்னு அந்த வட்டாரம் முழுக்க சிமென்ட் ஆலைதான். பூமிக்கடியில சுண்ணாம்புக்கல் அவ்வளவு இருக்கு. போன தடவை போயிருந்தப்ப சித்தி கேட்டாங்க: "ஏம்ப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாக்குறியே, திடீர்னு ஏதாச்சும் வெடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு அதுல போட்டிருக்கா?"

சிரிச்சுட்டுக் கடந்து போற கேள்வி இல்ல இது. தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல ஒரு விஷயம் தெளிவாச்சு: நம்ம நாட்டுச் சட்டத்துல இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யாருன்னு எழுதியே வச்சிருக்காங்க. அதையும் விபத்து நடந்த பிறகு இல்ல, நடக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

சிமென்ட்ல என்ன கெமிக்கல்?

சிமென்ட்னா கல்லும் தூசியும்தானே, அதுல என்ன ஆபத்துன்னு தோணும். சுண்ணாம்புக்கல்லைச் சுடுற சூளையோட உள் வெப்பம் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் கொண்டுவர நிலக்கரியும் பெட்ரோலியம் கோக்கும் எரிக்கிறாங்க. அதை மாவு மாதிரி அரைச்சுத்தான் சூளைக்குள்ள ஊதுவாங்க. அரைச்ச நிலக்கரித் தூள் காத்துல கலந்து நிக்கிறப்போ ஒரு பொறி பட்டா போதும், வெடிக்கும். குவிச்சு வச்ச நிலக்கரி தானாவே சூடேறி உள்ளுக்குள்ள கனியும். அதுபோக டீசல் டேங்க் இருக்கும். புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அமோனியாக் கரைசல் பயன்படுத்துற ஆலைகள் இருக்கு. மத்த தொழிற்சாலைகளோட கழிவைச் சூளையில போட்டு எரிபொருளாக்குற முறையும் இப்போ பரவலா வந்துருச்சு. எந்த ஆலையில எது, எவ்வளவுங்கிறது அந்தந்த ஆலையோட இருப்புப் பட்டியல்ல இருக்கும். அந்தப் பட்டியல்தான் எல்லாத் திட்டத்துக்கும் முதல் பக்கம்.

ஆனா அந்த மாவட்டத்துல சமீபத்துல நடந்த பெரிய விபத்துகள் ரெண்டு, சிமென்ட் ஆலைக்குள்ள நடந்தது இல்ல. 2023 அக்டோபர் 9-ம் தேதி, திருமழபாடி பக்கம் விரகாலூர்ல ஒரு பட்டாசு ஆலை வெடிச்சதுல குறைஞ்சது 9 பேர் செத்துப் போனாங்க. 2025 நவம்பர் 11-ம் தேதி, சமையல் கேஸ் சிலிண்டர் ஏத்திக்கிட்டு வந்த லாரி ஒண்ணு வாரணவாசி பக்கம் வளைவுல கவிழ்ந்து தீப்பிடிச்சது. சிலிண்டர்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு வெடிச்ச வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

இந்த ரெண்டையும் ஏன் சொல்றேன்னா, 'கெமிக்கல் விபத்து'ன்னு கேட்டதும் நம்ம மனசுல வர்றது பெரிய குழாய், பெரிய டேங்க், மணலி, எண்ணூர். நிஜத்துல ஆபத்து ஒரு சின்ன ஷெட்டுக்குள்ளயும் இருக்கும், நம்ம பைக்குக்கு முன்னாடி போற லாரியிலயும் இருக்கும்.

ரெண்டு திட்டம், ரெண்டு பொறுப்பாளர்

1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி, போபால். யூனியன் கார்பைடு ஆலையோட ஒரு டேங்க்லேர்ந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறுச்சு. ஊர் ஜனங்களுக்குக் கேக்குற சைரனைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே நிறுத்திட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் மறுபடி அடிச்சது. அதுக்குள்ள ஆயிரக்கணக்கானவங்க இருட்டுல, காத்து அடிக்கிற அதே திசையில ஓடிக்கிட்டிருந்தாங்க. அதாவது வாயுவோட சேர்ந்தே ஓடுனாங்க. ஈரத்துணியை மூக்குல வச்சுக்கோங்கன்னு முன்கூட்டியே யாரும் அவங்களுக்குச் சொல்லி வைக்கல.

அதுக்குப் பிறகுதான் சட்டங்கள் வந்துச்சு. 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-ல தொழிற்சாலைகள் சட்டத்துல ஆபத்தான தொழில்களுக்குன்னே ஒரு தனி அத்தியாயம். 1989-ல அபாயகரமான ரசாயனங்களைத் தயாரிக்கிறது, சேமிக்கிறது, இறக்குமதி செய்யுறது பத்தின விதிகள். 1996-ல ரசாயன விபத்துகளுக்கான அவசரகாலத் திட்ட விதிகள். நம்ம கேள்விக்குக் கடைசி ரெண்டும்தான் முக்கியம்.

1989 விதிகள் ரெண்டு திட்டம் கேக்குது. முதல் திட்டம் ஆலைக்குள்ள. அதை எழுதுறது ஆலை நடத்துறவரோட கடமை. யார் முதல்ல பொறுப்பை எடுக்கணும், யார் வால்வை மூடணும், எல்லாரும் எங்க கூடணும், தலை எண்ணுறது யாரு, தீயணைப்புத் துறைக்கு போன் போடுறது யாரு. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது ஈஸியாப் புரியும். சர்வர் விழுந்தா ஒருத்தர் இன்சிடென்ட் கமாண்டர் ஆவார், மத்தவங்க அவர் சொல்றதைக் கேப்பாங்க, இன்னொருத்தர் வெளிய தகவல் சொல்லுவார். ஆலையிலயும் அதே மாதிரி சம்பவ இடத்துல ஒரு இன்சிடென்ட் கன்ட்ரோலர், அவருக்கு மேல ஒரு மெயின் கன்ட்ரோலர். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதை ஒத்திகை பாக்கணும்னு விதி.

ரெண்டாவது திட்டம் சுவருக்கு வெளியே. அதை எழுதுறது ஆலை இல்ல, அரசு. மாவட்ட அளவுல கலெக்டர் தலைமையில ஒரு நெருக்கடிக் குழு இருக்கணும். 45 நாளுக்கு ஒரு தடவை கூடணும். வெளித் திட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை நடக்கணும். தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி, உள்ளாட்சி எல்லாரும் இதுல வருவாங்க. ரோட்டை எங்க மறிக்கிறது, ஜனங்களை எந்த வழியா எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது, எத்தனை பஸ் வேணும், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்து வேணும்னு இந்தத் திட்டம்தான் சொல்லணும்.

இதே விதிகள்ல 15-வது விதின்னு ஒண்ணு இருக்கு. ஆலையில விபத்து நடந்தா பாதிக்கப்படக்கூடிய இடத்துல இருக்கிற வெளி ஜனங்களுக்கு, அந்த ஆபத்து என்ன, பாதுகாப்பு ஏற்பாடு என்ன, செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எதுன்னு ஆலை தெரியப்படுத்தணும். நேராவோ, மாவட்ட அதிகாரிகள் மூலமாவோ. 1996 விதிகள் இன்னும் ஒரு படி மேல போகுது: தொழிற்பேட்டை அளவுல இருக்கிற உள்ளூர் நெருக்கடிக் குழு, அங்க என்ன மாதிரி விபத்து நடக்கலாம்ங்கிற தகவலை ஜனங்க கேட்டா கொடுக்கணும்.

கவனிங்க. 'கேட்டா கொடுக்கணும்'. நம்மள்ல எத்தனை பேர் கேட்டிருக்கோம்? கேக்கலாம்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயம். இந்த விதிகள் எல்லா ஆலைக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு அளவு குறிச்சிருக்காங்க. குளோரின்னா 10 டன், மெத்தில் ஐசோசயனேட்னா வெறும் 150 கிலோ. அந்த அளவைத் தொட்டாத்தான் இந்த ரெண்டு திட்டமும், ஜனங்களுக்குச் சொல்ற கடமையும் வரும். கோடு போடுறது தப்பு இல்ல, எங்கயாவது போட்டுத்தான் ஆகணும். ஆனா கோட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன குடோன், சின்ன யூனிட், ஒரு சிலிண்டர் லாரி, இதெல்லாம் பக்கத்துல இருக்கிறவரைக் காயப்படுத்தாதுன்னு அர்த்தம் ஆகிடாது.

சைரன் இருந்தும் அடிக்காத ராத்திரி

திட்டம் காகிதத்துல இருக்கிறது வேற, நடக்கிறது வேற. இதுக்கு விசாகப்பட்டினத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

2020 மே 7-ம் தேதி, விடியக்காலை 3 மணி வாக்குல. ஆர்.ஆர். வெங்கடாபுரம்ங்கிற இடத்துல இருக்கிற எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையோட ஸ்டைரீன் டேங்க்லேர்ந்து ஆவி வெளிய வந்து குடியிருப்புக்குள்ள பரவுச்சு. 12 பேர் செத்தாங்க, நூத்துக்கணக்கானவங்க ஆஸ்பத்திரியில சேந்தாங்க. கொரோனா ஊரடங்கு நேரம், ஆலை பல வாரமா ஓடாம நின்ன காலம்.

ஆந்திர அரசு போட்ட உயர்நிலைக் குழு விசாரிச்சு அறிக்கை கொடுத்துச்சு. அதுல ரெண்டு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒண்ணு, வெப்பமானி. ஸ்டைரீனைக் குளிர்ச்சியாவே வச்சிருக்கணும், இல்லன்னா தானாவே வினைபுரிஞ்சு சூடேறும். அந்த டேங்க்ல வெப்பத்தை அளந்தது அடிப்பகுதியில மட்டும்தான். அடியில குளிர்ச்சியா இருந்துச்சு, மேல கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா டேஷ்போர்டு முழுக்கப் பச்சை, சிஸ்டம் மட்டும் எரிஞ்சுக்கிட்டிருக்கு. அளக்கிற இடம் தப்பா இருந்தா, அளக்கிறது நமக்குத் தைரியம் மட்டும்தான் கொடுக்கும், பாதுகாப்பைக் கொடுக்காது.

ரெண்டாவது, சைரன். அந்த ஆலையில 36 இடத்துலேர்ந்து சைரனை இயக்க முடியும், வாசல் கேட் உட்பட. அன்னைக்கு ஒரு இடத்துலேர்ந்தும் யாரும் இயக்கல. தூங்கிக்கிட்டிருந்த ஜனங்களை எழுப்பினது அந்த நாத்தமும் மூச்சுத்திணறலும்தான்.

சைரன் வாங்கினது பணப் பிரச்சனை, அது தீர்ந்துருச்சு. பொத்தானை அழுத்துறது ஒரு மனுஷனோட முடிவு. "பொய் அலாரமா இருந்தா திட்டு வாங்குவோமோ, மேலிடத்துல கேட்டுட்டு அழுத்தலாமா"ன்னு எந்த ஷிப்ட் ஆளுக்கும் தோணும். அதனாலதான் ஒத்திகை. "நீ அழுத்து, பொய்யா இருந்தாலும் உன்னை யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை அவருக்குக் காட்டுறதுதான் ஒத்திகை. போட்டோ எடுத்து பேப்பர்ல போடுறதுக்கு இல்ல.

நம்ம ஊர்லயும் ஒரு ராத்திரி இருக்கு. 2023 டிசம்பர் 26, எண்ணூர், நேரம் கிட்டத்தட்ட நள்ளிரவு. கப்பல்லேர்ந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு, கிடைச்ச வண்டியில ஏறி, இருட்டுல ஓடுனாங்க. ஆலை வாசல் பக்கம் காத்துல ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியான்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்துச்சு. வரம்பு 400. பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கை எடுத்துக்கிச்சு.

அந்த ராத்திரி ஓடுனவங்க யாரும் முட்டாள்தனமா எதையும் செய்யல. மூச்சு முட்டுறப்ப யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. கேள்வி வேற: ஓடுறதா, வீட்டுக்குள்ளயே இருக்கிறதா, எது சரின்னு யார் எப்போ சொல்லிக் கொடுத்திருக்கணும்?

ஓடணுமா, உள்ள இருக்கணுமா?

இங்கதான் பொதுவான ஒரு அட்வைஸ் வேலைக்கு ஆகாது. கெமிக்கலுக்குக் கெமிக்கல் பதில் மாறும்.

சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது. தரையோட தரையா ஊர்ந்து பள்ளத்துல, சாக்கடையில, கிணத்துல தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. பொறி பட்டா மொத்தமா பத்திக்கும். அதனால சுவிட்சைத் தொடக்கூடாது, வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது, போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கக்கூடாது. நடந்தே, மேட்டுப் பக்கமா, தூரமா போகணும். இதுல ஈரத்துணியால எந்தப் பிரயோஜனமும் இல்ல.

குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம். அதுவும் தாழ்வான இடத்துல தங்கும். மாடி வீடா இருந்தா மேல் மாடிக்குப் போறது நல்லது.

அமோனியா சாதாரணமா காத்தை விட லேசு, மேல போயிரும். ஆனா குளிரூட்டித் திரவமா வச்சிருக்கிறது கசிஞ்சா, குளிர்ந்த வெண்மேகமா தரையை ஒட்டியே வரும். தண்ணியில நல்லாக் கரையும். அதனால ஈரத்துணி கொஞ்ச நேரத்துக்கு உதவும். கண்ணுல பட்டா நிறையத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும்.

எந்த வாயுவா இருந்தாலும் ஒரு விதி மாறாது: காத்து வர்ற திசைக்குக் குறுக்கா நகரணும். வாயு மேகம் காத்தோட நீளமா ஒரு வால் மாதிரி போகும். அதுக்கு முன்னாடி ஓடுனா அது துரத்திக்கிட்டே வரும். அதை எதிர்த்து ஓடுனா கசிவுக்குள்ளயே போய் விழுவோம். பக்கவாட்டுல விலகினா சீக்கிரம் வெளிய வந்துடலாம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க ஆலைக்குள்ள உயரத்துல துணிப்பை ஒண்ணு கட்டியிருப்பாங்க. ஊருக்குள்ள தென்னை ஓலையும், கொடியில காயுற துணியும், கட்சிக் கொடியும் அதே வேலையைச் செய்யும்.

கசிவு சின்னது, சீக்கிரம் அடங்கிடும்னா வீட்டுக்குள்ள இருக்கிறது பாதுகாப்பு. ஜன்னல் கதவைச் சாத்தி, இடுக்குல ஈரத்துணி வச்சு, ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டு இருக்கணும்னு எல்லா நாட்டுக் கையேட்டுலயும் இருக்கும். ஆனா அந்தக் கையேடு நினைக்கிற வீடு வேற. ஓட்டு வீட்டுலயும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலயும் இடுக்கு எங்க இல்ல? அந்த வீட்டுல இருக்கிறவருக்கு "உள்ளயே இரு"ங்கிறது முழுப் பதில் ஆகாது. பக்கத்துல இருக்கிற கான்கிரீட் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கணும். இதைத்தான் வெளித் திட்டம் ஊர் ஊரா, தெருத் தெருவா யோசிச்சிருக்கணும். நகரத்துல உக்காந்து ஒரே டெம்ப்ளேட்டை எல்லா மாவட்டத்துக்கும் காப்பி பண்ணினா இது விட்டுப்போகும்.

அணைக்கக் கூடாத தீ

இதைப் படிக்கிற வரைக்கும் எனக்கும் தீன்னா அணைக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு குழாய்லேர்ந்து கேஸ் பீச்சி எரியுதுன்னு வைங்க. கசிவை நிறுத்தாம நெருப்பை மட்டும் அணைச்சா, கேஸ் தொடர்ந்து வந்து சுத்தியும் நிறையும். அடுத்த பொறியில மொத்த இடமும் வெடிக்கும். அதனால வால்வை மூடுற வரைக்கும் எரிய விட்டுட்டு, பக்கத்து டேங்க் சூடாகாம தண்ணியடிச்சுக் குளிர வைப்பாங்க. அந்தக் குளிர வைக்கிறதுதான் உயிர். டேங்கை நெருப்பு சூடாக்கினா உள்ள இருக்கிற திரவம் கொதிக்கும், அழுத்தம் ஏறும், இரும்பு பலவீனமாகும், ஒரு நொடியில கிழிஞ்சு தீப்பந்தா வெடிக்கும். கேஸ் டேங்கர் தீயில மாட்டிக்கிட்டா எல்லாப் பக்கமும் 1,600 மீட்டர் வரைக்கும் ஆளை விலக்கச் சொல்றது அதனாலதான். ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல. நாம நிக்கிறது நூறு மீட்டர்ல, கையில கேமராவோட.

எண்ணெய்த் தீக்கு வெறும் தண்ணி ஆகாது. எண்ணெய் தண்ணிக்கு மேல மிதந்து தீயோட சேர்ந்து பரவும். அதுக்கு நுரை வேணும். ஒரு ஆலைகிட்ட போதுமான நுரை இருக்காது, அதனால பக்கத்து ஆலைகள் ஒண்ணுக்கொண்ணு உதவுற ஒப்பந்தம் போட்டு வச்சுப்பாங்க. ஆலைகள் அடுத்தடுத்து இருக்கிற அரியலூர் மாதிரி வட்டாரத்துக்கு இது இயல்பாவே பொருந்துற ஏற்பாடு.

2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர், சீதாபுராவுல இந்தியன் ஆயில் டிப்போ. பெட்ரோல் கசிய ஆரம்பிச்சு வெடிக்கிறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல கிடைச்சுது. அந்த நேரத்துக்குள்ள கசிவை நிறுத்த முடியல. 11 பேர் செத்தாங்க. அதுக்குப் பிறகு டேங்க்குகளைத் தானா எரிஞ்சு அடங்க விடுறதைத் தவிர வழி இல்ல. நாள் கணக்குல எரிஞ்சுது.

அணைச்ச தண்ணி எங்க போகுதுங்கிறதும் திட்டத்துல இருக்கணும். 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்து, பாசெல் நகரத்துப் பக்கம். சாண்டோஸ் நிறுவனத்தோட ரசாயனக் கிடங்கு எரிஞ்சுது. தீயை அணைச்சாங்க. அணைக்க அடிச்ச தண்ணி பூச்சிமருந்தை அள்ளிக்கிட்டு ரைன் நதிக்குள்ள போச்சு. ஆறு சிவப்பாச்சு, மீனும் விலாங்கும் கூட்டம் கூட்டமா செத்து மிதந்துச்சு. தீ விபத்து, கசிவு விபத்தா மாறுன கதை.

இதைத் தடுக்க டேங்கைச் சுத்தி ஏரிக்கரை மாதிரி ஒரு தடுப்புச் சுவர் கட்டுவாங்க. உள்ள இருக்கிறதுல பெரிய டேங்க் முழுசா உடைஞ்சாலும் அத்தனையும் அதுக்குள்ளயே நிக்கணும். மழைத்தண்ணி போறதுக்கு அதுல ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வு எப்பவும் மூடியிருக்கணும், மழை பெஞ்சா மட்டும் பாத்துத் திறக்கணும். திறந்து விட்டுட்டு மறந்தா, அந்தச் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அரியலூர் மாவட்டத்துல மருதையாறு ஓடுது, கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கு, ஊருக்கு ஊர் ஏரி இருக்கு. ஒரு வால்வோட நிலைமை எத்தனை பேரோட குடிதண்ணியைத் தொடும்னு யோசிச்சுப் பாருங்க.

லாரியோட முதுகைப் படிங்க

சிட்டியில இருக்கிற உங்களுக்கு உடனே உதவுற ஒரு விஷயம். ஆபத்தான சரக்கு ஏத்திப்போற டேங்கர்ல ஒரு பலகை இருக்கும். அதுல பொருளோட பேரு, நாலு இலக்க யு.என். எண், ஆபத்து வகையைக் காட்டுற சாய்சதுரப் படம், அவசர போன் நம்பர் எல்லாம் இருக்கணும்னு மோட்டார் வாகன விதிகள் சொல்லுது.

நாலு எண்ணை மனசுல வச்சுக்கோங்க. 1075 சமையல் கேஸ். 1203 பெட்ரோல். 1005 அமோனியா. 1017 குளோரின். ஒரு டேங்கர் கவிழ்ந்து கிடக்கிறதைப் பாத்தா கிட்டப் போகாம, தூரத்துலேர்ந்து இந்த எண்ணைப் படிக்க முடிஞ்சா படிச்சு, 112-க்கோ 101-க்கோ சொல்லுங்க. "ஒரு லாரி எரியுது"ங்கிறதுக்கும் "1005 எழுதின லாரி கசியுது"ங்கிறதுக்கும் நிறைய வித்தியாசம். கிளம்புற தீயணைப்பு வண்டி எந்த உடை, எந்தக் கருவியோட கிளம்பணும்ங்கிறதே அதுல மாறிடும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கேக்க வேண்டிய ஏழு கேள்வி

கலெக்டர் அலுவலகத்துலயும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துலயும், தகவல் உரிமைச் சட்டத்துலயும் இதைக் கேக்கலாம். ஊர்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் நல்ல இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. கேள்வி இதுதான்:

எங்க ஊரைச் சுத்தி அளவுக்கு மேல ரசாயனம் வச்சிருக்கிற ஆலை எது, என்ன ரசாயனம்?

மோசமான விபத்துன்னா எவ்வளவு தூரம் வரைக்கும் பாதிக்கும்? எங்க தெரு அதுக்குள்ள வருதா?

ஆபத்துக்கு எந்தச் சத்தம், ஆபத்து நீங்குச்சுங்கிறதுக்கு எந்தச் சத்தம்? ஆலைக்கு ஆலை இது மாறும், அதனால கேட்டே ஆகணும்.

ராத்திரி மூணு மணிக்கு அந்தச் சத்தம் எங்க தெரு கடைசி வீடு வரைக்கும் கேக்குமா?

நாங்க எந்தக் கட்டடத்துக்குப் போகணும், சாவி யாருகிட்ட இருக்கு?

நடக்க முடியாத வயசானவங்களை யார் கூட்டிப் போவா?

சுவருக்கு வெளிய ஒத்திகை கடைசியா எப்போ நடந்துச்சு, அதுல எங்க ஊர்லேர்ந்து யார் கலந்துக்கிட்டா?

இதுல சாவி கேள்வி சின்னதாத் தெரியும். ஆனா இந்த மாதிரி சின்ன விஷயத்துலதான் திட்டம் உடையும். ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிடுறேன்: ஆலைக்குள்ள காண்ட்ராக்ட்ல வேலை பாக்குறவங்கள்ல பீகார், ஒடிசா, ஜார்கண்ட்லேர்ந்து வந்தவங்க நிறைய. அறிவிப்பு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் இருந்தா, சுவருக்கு உள்ளயே பாதிப் பேருக்குப் புரியாது. அவங்க தங்கியிருக்கிறதும் ஆலைக்குப் பக்கத்து வாடகை அறையிலதான்.

இந்தக் கேள்விகளைக் கேக்குறதால ஆலை மூடிடும், வேலை போயிடும்னு பயப்பட வேண்டியதில்ல. ஆலை ஓடணும்னு நினைக்கிறவங்களுக்கும் இந்தப் பதில் வேணும். உள்ள வேலை பாக்குறது நம்ம வீட்டு ஆளுதானே. தீயணைப்பு வண்டி கிளம்பி ஊருக்கு வந்து சேர நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒருத்தரைக் காப்பாத்துறது அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச ரெண்டு மூணு விஷயம்தான்: என்ன வாயு, எந்தச் சத்தம், எந்தக் கட்டடம். அந்த மூணும் அவருக்குத் தெரியலைன்னா, ஆலை அலமாரியில எத்தனை பக்கத் திட்டம் இருந்தாலும் அது அந்தத் தெருவுக்குத் திட்டம் இல்ல.

எண்ணூர், மணலி, ராணிப்பேட்டை, கடலூர் சிப்காட், தூத்துக்குடின்னு ஆலைப் பக்கத்துல இருக்கிறவங்க இந்த ஏழு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அதையே பேசுவோம். அடுத்த வாரம் சந்திப்போம், பத்திரமா இருங்க.